அணைத்து வைத்த டிவியும் ஒரு முழச் சுற்றுப்பாதையும்

ஒளியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஊக்கமளிக்கும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று துறையில் கேட்டார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் விருதுநகர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி கோச்சிங் சென்டர்காரர்கள் வரிசையாகப் பலகை வைத்திருக்கிறார்கள், நின்று படித்துக்கொள்ளுங்கள். நான் இந்த ஆய்வகத்துக்கு இருபத்தாறு வருடம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் இங்கே படித்தவர்கள் செய்த முட்டாள்தனங்கள்தான். அதில் ஆகப் பெரியதில் எனக்கும் பங்கு உண்டு, சின்னப் பங்கு இல்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

"ஃபோட்டானை அளந்தால் அதன் நிலை மாறிவிடும்." இந்த வாக்கியத்தை நேர்காணலில் கடகடவென்று ஒப்பித்துத்தான் நீங்கள் எல்லோரும் உள்ளே வந்திருப்பீர்கள். கேட்டவருக்கும் புரிந்திருக்காது, சொன்ன உங்களுக்கும் புரிந்திருக்காது. நானும் அதே வாக்கியத்தை வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, "இது முக்கியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கும் புரியவில்லை என்பது ஐம்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதற்கு ஒரு பெண்ணின் பெயர் கெட வேண்டியிருந்தது.

அப்போது எங்களுக்கு ஒரு துறைத் தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம், இன்னும் எங்கேயோ யாருக்கோ தலைவராகத்தான் இருக்கிறார். வருகிற விருந்தினருக்கெல்லாம் அவர் எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலையை வைத்து ஒரே கதையைச் சொல்வார். "பட்டாசு ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர் வர்றார்னு தகவல் வந்தா சட்டப்படி ஷெட்டுக்கு நாலு பேர்தான் உக்காந்திருப்பாங்க சார். அவர் ஜீப் திரும்பினதும் பத்துப் பேர். ஃபோட்டானும் அப்படித்தான். ஆள் பாக்குறாங்கன்னா ஒழுங்கா நடிக்கும்." விருந்தினர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். சிரிப்பார். கைதட்டக்கூடச் செய்வார்.

இதைவிடத் தப்பான விளக்கத்தை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஷெட்டில் பத்துப் பேர் இருந்தார்கள் என்பது உண்மை. அது மறைக்கப்பட்ட உண்மை, அவ்வளவுதான். எங்கள் மேஜையில் வருகிற ஃபோட்டானிடம் மறைக்க ஒன்றுமே கிடையாது. நாம் கேட்கிறவரைக்கும் அதனிடம் பதிலே இல்லை. அளப்பதால்தான் ஒரு பதில் உண்டாகிறது. உண்டானபின் பழைய நிலை போனது போனதுதான். இந்த வித்தியாசம் தெரியாதவருக்குத்தான் அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் மேஜையைப் பற்றி ஒரு பத்தி மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை நீங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஊதா லேசர் ஒரு மெல்லிய படிகத்தில் விழும். அதிலிருந்து ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். ஒன்று மேஜையின் இடது கோடிக்குப் போகும், மற்றது வலது கோடிக்கு. ஒளி நெட்டாகவும் அதிரலாம், குறுக்காகவும் அதிரலாம். இந்த ஜோடிகளில் இரண்டும் நெட்டு, அல்லது இரண்டும் குறுக்கு. எது என்பது மட்டும் முடிவாகியிருக்காது. இரண்டு கோடியிலும் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடுகிற போலரைசரும் அதைத் திருப்ப ஒரு டயலும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஃபோட்டான் வந்து சேர்ந்தால் கருவி அதை எண்ணி ஒரு கோடு வரையும். டயல்கள் நெட்டிலும் குறுக்கிலும் நிற்கும்போது ஜோடி ஒத்துப்போவது பெரிய விஷயமில்லை. முன்கூட்டியே முடிவாகிப்போன மட்டமான ஜோடிகூட அங்கே ஒத்துப்போகும். ஒரு டயலைச் சாய்வாக நிறுத்திவிட்டு மற்றதைச் சுற்ற வேண்டும். அப்போது கோடு மலை மாதிரி ஏறிப் பள்ளத்தில் இறங்கினால் ஜோடி இன்னும் முடிவாகாமல் இருக்கிறது என்று பொருள். கோடு தட்டையாக ஓடினால் வழியில் எங்கேயோ, யாரோ, எதுவோ அதைக் கேட்டுவிட்டது என்று பொருள். சோதனை அவ்வளவுதான்.

இதை முழுசாகச் செய்து முடித்தவள் முத்துமாரி. பக்கத்து ஊர் விஸ்வநத்தத்துக்காரி, என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அவள் அம்மா பட்டாசு ஆபீஸில் குழாய்களில் மருந்து நிரப்புகிறவர். வெடிக் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். மாரி சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே ஆய்வகக் கதவோரத்து எர்த் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஒருநாள் நான் கேலியாக, "என்ன, சாமி கும்பிட்டுட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அம்மா வேல பாக்குற ஷெட்டுல வாசல்ல செம்புத் தகடு இருக்கும். தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். ஒடம்புல இருக்க கரண்டு எறங்கணும்ல."

நான் சிரித்தேன். எங்கள் உணர்கருவிகள் இரண்டு முறை நிலைமின்சாரத்தால் பாழாகியிருந்தன, ஏன் பாழாகின என்று தேடி நானும் இரண்டு பொறியாளர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். மாரி சேர்ந்தபின் அந்தத் தொல்லை வரவில்லை. அடுத்த வருடம் யாரிடமும் காரணம் சொல்லாமல் கதவோரம் ஒரு செம்புத் தகடு அடிக்கச் சொன்னேன். நீங்கள் இன்றைக்குத் தொடுவது அதைத்தான்.

மூன்று வருட உழைப்புக்குப் பிறகு அவளுக்கு அந்த மலையும் பள்ளமும் கிடைத்தன. அவ்வளவு சுத்தமான கோட்டை நான் இந்தக் கட்டிடத்தில் பார்த்ததில்லை. அன்று அவள் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தாள். அவளுடைய நோட்டில் தினமும் சாயங்காலம் நான் ஒரு கையெழுத்துப் போடுவது வழக்கம். அன்றைக்குப் போட்ட கையெழுத்து மட்டும் சந்தோஷத்தில் கோணிப்போயிருந்தது. எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பெருமை இருந்தது.

இந்த நேரத்தில்தான் கல்லூரிக்குத் தரம் பார்க்கிற குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நம்பர் ஓடுறதப் பாத்து எந்தப் பெரிய மனுஷனுக்கும் ஒண்ணும் புரியாது. கலர் வேணும். நெட்டு வந்தா பச்சை, குறுக்கு வந்தா சிவப்பு. வாசல்ல பெரிய டிவி. நம்ம ஊருக்குக் கலர் காட்டச் சொல்லித் தரணுமா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. எத்தனை வருடம்தான் இருட்டறையில் யாருக்கும் தெரியாமல் எண்களை எண்ணிக்கொண்டிருப்பது? அது அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வாரம், மாரி லீவில் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் நானே பெட்டியைச் செய்து இடது பாதையில் வைத்துவிட்டேன். உள்ளே இரண்டு கண்ணாடிக் கட்டிகள். முதல் கட்டி நெட்டையும் குறுக்கையும் பிரிக்கும். நெட்டு நேரே போகும். குறுக்கு ஒரு முழம் சுற்றிக்கொண்டு வரும். இரண்டாவது கட்டி இரண்டையும் மறுபடி ஒரே பாதையில் சேர்த்து அனுப்பும். நேரே வந்தது முன்னால் வரும், சுற்றி வந்தது கொஞ்சம் பிந்தி வரும். அந்த நேர வித்தியாசத்தைக் கணினி படித்து டிவியில் பச்சையோ சிவப்போ போடும். ஒளியை மறைக்கவில்லை, எண்ணிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தலைவர் சோதித்துப் பார்க்க வந்தார். கையில் சாத்தூர் காராச்சேவு பொட்டலம். அந்த எண்ணெய்க் கையோடு இரண்டு டயலையும் நெட்டில் வைத்தார், எண்ணிக்கை ஏறியது. ஒன்றை நெட்டிலும் ஒன்றைக் குறுக்கிலும் வைத்தார், எண்ணிக்கை விழுந்தது. "பாத்தீங்களா, நூத்துக்கு நூறு. டிவியும் ஓடுது, ஜோடியும் ஒத்துப்போகுது" என்றார். காராச்சேவு எல்லோருக்கும் பங்கு வைக்கப்பட்டது. சாய்வில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் என்று மேடையில் சொல்வார்களே, அது அன்றைக்குக் காராச்சேவு தின்றுகொண்டிருந்தது.

மாரி திரும்பி வந்தாள். வாசலில் டிவியைப் பார்த்தாள், மேஜையில் கறுப்புத் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்தாள்.

"வழியில ஏதோ வச்சிருக்கீக போலயே மேடம்?"

"அது டிவிக்கு. குழு வர்ற வரைக்கும் பெட்டிய அசைக்காத, அலைன்மென்ட் போயிரும். நீ வேலை பாக்கும்போது டிவிய அணைச்சிட்டு கேபிளை உருவிடு. அளக்கிறது நின்னுரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குவாண்டம் இயற்பியலை இருபது வருடம் பாடம் நடத்திய ஒருத்தி சொன்னது. அவள் பெட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள். அது என் தப்பா அவள் தப்பா என்று சந்தேகமே வேண்டாம், என் தப்புத்தான்.

தரம் பார்க்கிற குழு வந்தது, பச்சையும் சிவப்பும் பார்த்துவிட்டுப் போனது. போன பிறகும் தலைவர் பெட்டியை எடுக்க விடவில்லை. அடுத்து ஒரு எம்.எல்.ஏ. வருகிறார், அதற்கடுத்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாரி தினமும் டிவியை அணைப்பாள், கேபிளை உருவுவாள், டயலைச் சாய்வில் வைப்பாள். கோடு தட்டையாக ஓடும். மலையும் இல்லை, பள்ளமும் இல்லை. நெட்டிலும் குறுக்கிலும் திருப்பினால் எல்லாம் நூற்றுக்கு நூறு.

அவள் படிகத்தைத் துடைத்தாள். அறையின் குளிரை மாற்றிப் பார்த்தாள். உணர்கருவிகளை இடம் மாற்றிப் போட்டாள். தலைவர் எட்டிப் பார்த்து ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னார். பக்கத்தில் பேன்சி வெடிகளைச் சோதித்துப் பார்க்கிறார்களாம், அந்த வெளிச்சம் உள்ளே புகுந்து ஃபோட்டானைக் கெடுக்கிறதாம். பகல் பன்னிரண்டு மணி, இரண்டடுக்குக் கறுப்புத் திரை, ஜன்னல் இல்லாத அறை. இப்படி ஒன்றைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும்.

இந்த நிலைமையில் அவளுடைய முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் கூட்டம் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு நிபுணர். பழைய கோட்டைப் பார்த்தார், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மேஜைக்கு வந்து, "எங்கே, என் கண் முன்னால ஒரு தடவை ஓட்டிக் காட்டு" என்றார். மாரி ஓட்டினாள். தட்டை. மறுபடி ஓட்டினாள். தட்டை. நிபுணர் பழைய தாளை மறுபடி எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்கே" என்றார்.

என்ன அர்த்தம் என்று அறையில் எல்லோருக்கும் புரிந்தது. தலைவர் மூச்சுவிடுகிற நேரத்தில் கை கழுவினார். "நாங்க நம்பினோம் சார். பிள்ளைங்க கொண்டாந்து குடுக்கிறதை நம்பத்தானே வேணும்?" போன மாதம் இதே கோட்டைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியவர் இவர்.

பரிசீலனைக் குழுவினர் பத்து வேலை நாள் கொடுத்தார்கள். அதற்குள் மறுபடி எடுத்துக் காட்டாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்து. வெறும் ரத்து மட்டுமில்லை, தரவு நம்பத்தக்கதல்ல என்ற குறிப்போடு ரத்து. அந்தக் குறிப்போடு வெளியே போகிறவளை இந்த நாட்டில் எந்த ஆய்வகமும் வாசலில் நிற்க விடாது. ஆய்வகப் பொறுப்பாளர் என்ற முறையில் அறிக்கை ஒன்றும் கேட்டார்கள். எழுதினேன். "முன்பு பெறப்பட்டதாகக் கூறப்படும் முடிவை மீண்டும் பெற இயலவில்லை." கூறப்படும். தினமும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கோடு வரையப்பட்டபோது பக்கத்தில் நின்றவள் நான். கண்ணால் பார்த்த எனக்கே அது கூறப்பட்டதாகிவிட்டது. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது, கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் மாரியின் அம்மா கல்லூரிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், நகக்கண்ணில் அலுமினியப் பொடி அப்படியே இருந்தது. உட்காருங்கள் என்றதற்கு உட்காரவில்லை.

"டீச்சரம்மா, எம் மக பொய்க்கணக்கு எளுதிட்டான்னு சொல்லுறாகளாம். நீங்க கூடவே இருக்கீக. நீங்க சொல்லுங்க. அவ எளுதுவாளா?"

ஒரே வார்த்தை. எழுதமாட்டாள் என்று சொன்னால் முடிந்தது. என் வாயில் வந்தது, "பாப்போம்மா, இன்னும் நாள் இருக்குல்ல" என்பது.

அந்த அம்மா வாசல் பக்கம் திரும்பினார். "பாருங்க. நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னை யாரும் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக அவமானப்படுத்தியதில்லை, அதுவும் நான் அதற்கு முழுக்கத் தகுதியாக இருந்த நேரத்தில்.

அதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. தினமும் மாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைக்கு டயல் சரியாக எங்கே இருந்தது? எண்ணிக்கையை நீயே எழுதினாயா, கணினி எழுதியதா? ஏதாவது புள்ளியை விட்டுவிட்டாயா? உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். முதல் நாள் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாள். மூன்றாம் நாள், "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அப்படித்தான் மேடம்" என்றாள். ஐந்தாம் நாள், "நான் சரியாத்தான் பாத்தேனா மேடம்?" என்று என்னையே கேட்டாள். தான் கண்ணால் கண்டதையே அவள் நம்பாத அளவுக்கு நான் கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

ஏழாம் நாள் காலையில் அவள் வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. மேஜைக்குப் போகவில்லை. கதவோரத்தில் நின்றுகொண்டு முழு அறையையும் பார்த்தாள்.

"மேடம், ராத்திரி அம்மா ஒண்ணு சொல்லுச்சு. ஷெட்டுல ஏதாச்சும் கோளாறுன்னா யாரு என்ன செஞ்சான்னு கேக்கமாட்டாகளாம். வேல முடிஞ்சு எல்லாரும் வெளிய போன பெறகு உள்ள மிச்ச மருந்து எங்கன கெடக்குன்னுதான் பாப்பாகளாம். ஆளு போயிட்டா மருந்தும் போயிருமான்னு கேட்டுச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன். என் குரல் எரிச்சலாகத்தான் இருந்தது.

"டிவிய அணைச்சோம். கேபிள உருவினோம். கம்ப்யூட்டரும் இல்ல. நாம எல்லாம் வெளிய போயிட்டோம்னு வச்சுக்கோங்க. மிச்சம் என்ன இருக்கு?"

அவள் கறுப்புத் துணியை எடுத்தாள்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு முழம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறுக்கு சுற்றிக்கொண்டு பிந்தித்தான் வந்தது. அந்தத் தாமதமே குறிப்பு. அதை யாரும் படிக்க வேண்டியதில்லை. படிக்க முடிகிற மாதிரி உலகத்தில் எங்காவது அது பதிந்து கிடந்தாலே ஜோடி முடிவாகிவிடும். அளப்பது என்றால் கண்ணால் பார்ப்பது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை நினைக்கலாம். நானும் தலைவரும், கேட்டுவிட்டுப் போன நிபுணரும் அப்படியே நினைத்திருக்கிறோம். மூன்று பேருக்கும் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம். இது என்ன பெட்டி என்று அந்த நிபுணர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவருக்குத் தாளைப் பார்த்துச் சந்தேகப்படத்தான் தெரிந்தது.

"அலைன்மென்ட் போயிரும்னு சொன்னீக" என்றாள்.

"போகட்டும்" என்றேன்.

பெட்டியை எடுத்தாள். மத்தியானம் வரைக்கும் பாதையைச் சரிசெய்தாள். டயலைச் சாய்வில் வைத்துச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே கோடு எழும்பியது, இறங்கியது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அச்சு அசல். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவள் அழவில்லை. இன்னும் இரண்டு கோடு எடுக்க வேண்டும் என்று பெட்டியை மறுபடி வைக்கப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் பரிசீலனைக் குழுவின் முன்னால் மூன்று தாள்களை வைத்தாள். பெட்டியும் டிவியும் இருக்கும்போது தட்டை. பெட்டி இருந்து டிவி அணைந்திருக்கும்போதும் தட்டை. பெட்டி இல்லாதபோது மலையும் பள்ளமும். "பாக்குற ஆளு வேண்டாம் சார். பாக்க வழி இருந்தாலே போதும், நிலை போயிரும்" என்றாள். நிபுணர் நெடுநேரம் தலையாட்டிவிட்டு, இது நல்ல பாடமாகும் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது. தலைவர் எழுந்து, "எனக்கு அந்தப் பெட்டி மேல ஆரம்பத்துல இருந்தே ஒரு டவுட் சார்" என்றார். மனுஷனுக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வாசலில் அந்த டிவி இன்னும் தொங்குகிறது, இப்போது அதில் முதல்வரின் பிறந்தநாள் வாழ்த்தும் கல்லூரிப் பேருந்து நேரமும் ஓடுகின்றன. அதற்கு ஏற்ற வேலை அதுதான்.

என் அறிக்கையைத் திரும்பக் கேட்டேன். கோப்பில் போனது வெளியே வராது என்றார்கள். பொறுப்பாளரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது, ஆய்வாளர் மீது தவறில்லை என்று இன்னொன்று எழுதி அதன் மேல் சேர்த்தேன். விஸ்வநத்தத்துக்குப் போய் அந்த அம்மாவிடமும் சொன்னேன். "சரிங்க டீச்சரம்மா, காப்பி குடிக்கீகளா?" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இதுவரைக்கும் இயற்பியல். இதற்கு மேல் உங்களுக்கு எந்தக் கையேட்டிலும் கிடைக்காதது. அந்தப் பெட்டியை எடுத்ததும் கோடு ஏன் உடனே எழும்பியது தெரியுமா? கெட்டுப்போன ஃபோட்டான்கள் நல்லதாகிவிடவில்லை. அவை போனது போனதுதான். படிகத்திலிருந்து புதிய ஜோடிகள் பிறந்துகொண்டே இருந்தன, அவற்றை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மேஜைக்கு அந்த வசதி உண்டு.

குழு கிளம்பிப்போன அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல மாரியின் மேஜைக்குப் போனேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டு நோட்டுக்குக் கை நீட்டினேன். மூன்று வருடமாக அவள் அதை விரித்துத்தான் தருவாள். அன்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். அதே பையிலிருந்து வரிசையாகக் கிளிப் போட்ட, அந்த நோட்டின் ஜெராக்ஸ் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் டயல் நின்ற இடத்தின் புகைப்படம், நேரம், அவள் கையெழுத்து, ஆய்வக வாட்ச்மேனைக் கூப்பிட்டு வாங்கிய சாட்சிக் கையெழுத்து.

"இதுல போடுங்க மேடம். நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

குரலில் மரியாதை ஒரு இழைகூடக் குறையவில்லை. மேலும் ஒன்றரை வருடம் இங்கே இருந்தாள், பட்டம் வாங்கினாள், நல்ல இடத்துக்குப் போனாள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அந்த நோட்டை அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என் முன்னால் விரித்ததில்லை.

அந்த ஜெராக்ஸ் கட்டு ஆய்வகத்தில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. பெட்டியும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கையேட்டைத் தொடுவதற்கு முன்னால் அதை எடுத்துப் படியுங்கள். எல்லாப் பக்கத்திலும் கீழே இரண்டு கையெழுத்துகள் இருக்கும், அவளுடையதும் வாட்ச்மேனுடையதும். என்னுடையதற்கு அவள் விட்டு வைத்த இடம் காலியாகவே இருக்கும். அன்று சாயங்காலம் பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.